கம்பத்தில் கடை, குமுளியில் ஸ்டோர்: போர்ட் ஃபார்வர்டிங், ரூட்டிங் கோளாறுகளை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

கம்பம் பக்கத்தில் ஏலக்காய், மிளகு வியாபாரம் செய்பவர்கள் பலருக்கு இரண்டு இடங்கள் உண்டு. மலைக்குக் கீழே கடையும் கணக்கும். லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளியிலோ வண்டன்மேட்டிலோ ஸ்டோர். ஜிஎஸ்டி பதிவு மாநிலவாரியாக இருப்பதால் தமிழ்நாட்டுக்கு ஒரு கணக்கு, கேரளத்துக்கு ஒரு கணக்கு. இரண்டும் கம்பத்தில் ஒரே கம்ப்யூட்டரில் இருக்கும். மேலே இருப்பவர் அதில் பில் போட வேண்டும், கீழே இருப்பவர் ஸ்டோர் கேமராவைப் பார்க்க வேண்டும். கீழே ஒரு நிறுவனத்தின் நெட், மேலே வேறொரு நிறுவனத்தின் நெட். கோளாறு வந்தால் இரண்டு பேரும் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்பார்கள். பல நேரம் அது உண்மையும்கூட.

கீழே வரும் எடுத்துக்காட்டுகளில் கம்பம் கடை 192.168.10 வரிசையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ரூட்டர் 192.168.10.1, பில்லிங் சர்வர் 192.168.10.20, கடையின் டிவிஆர் (கேமரா படங்களைப் பதிவுசெய்யும் பெட்டி) 192.168.10.50. குமுளி ஸ்டோர் 192.168.20 வரிசை.

ரூலைத் தொடும் முன்

வெளியிலிருந்து ஒரு போர்ட்டுக்கு (சேவையின் வாசல் எண்) வருவதை உள்ளே எந்த மெஷினுக்கு அனுப்ப வேண்டும் என்று ரூட்டரில் எழுதுவதுதான் போர்ட் ஃபார்வர்டிங் ரூல். வேலை செய்யாத ரூலை அழித்துவிட்டு மறுபடி எழுதுவது, ரூட்டரை ரீசெட் செய்வது, வேறு போர்ட் போட்டுப் பார்ப்பது: இந்த மூன்றிலும் நேரம்தான் போகும். பாக்கெட் (நெட்டில் போகும் தகவல் துண்டு) எந்த இடம் வரை வந்து நிற்கிறது என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள்.

சோதனையை எப்போதும் வெளியிலிருந்து செய்யுங்கள். கடைக்குள் உட்கார்ந்து கடையின் பொது ஐபியை (வெளி இணையத்தில் கடையின் முகவரி) அடித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. காரணம் பின்னால் வருகிறது. மொபைலில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவை ஹாட்ஸ்பாட்டாக லேப்டாப்புக்குக் கொடுங்கள். விண்டோஸ் பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளைக்கு பொது ஐபியையும் போர்ட் எண்ணையும் கொடுங்கள். தோல்வி என்று வந்தால் அது எவ்வளவு நேரத்தில் வந்தது என்று கவனியுங்கள். ஓரிரு நொடியில் வந்தால் யாரோ ஒருவர் பாக்கெட்டை வாங்கி, "இங்கே அந்த போர்ட்டில் யாரும் இல்லை" என்று திருப்பியிருக்கிறார். பெரும்பாலும் ரூல் சரியாகத்தான் இருக்கும், சர்வரில் மென்பொருள் ஓடவில்லை அல்லது உள் போர்ட் எண் தவறு. இருபது நொடி இழுத்துவிட்டு வந்தால் பாக்கெட்டை வழியில் யாரோ சத்தமில்லாமல் கீழே போட்டிருக்கிறார். சிஜிநாட் (நெட் நிறுவனம் ஒரே பொது ஐபியைப் பலருக்குப் பகிர்வது), ஃபயர்வால் (வேண்டாத பாக்கெட்டைத் தடுக்கும் காவல்), தவறான கேட்வே (வெளியே போகும் கதவின் ஐபி) எல்லாம் இந்த ரகம்தான். இந்த ஒரு வேறுபாடே பாதி வேலையை முடித்துவிடும்.

இணையத்தில் போர்ட் திறந்திருக்கிறதா என்று பார்க்கும் தளங்களையும் பயன்படுத்தலாம். ஆனால் டிசிபி, யுடிபி என்ற இரண்டு வகைப் போர்ட்டில் அவை பெரும்பாலும் டிசிபி போர்ட்டை மட்டுமே பார்க்கும். வயர்கார்ட் (இரண்டு இடங்களை இணையம் வழியே பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன்) போன்ற யுடிபி சேவையைச் சோதித்தால் எப்போதும் "மூடியிருக்கிறது" என்றே காட்டும். போதாததற்கு, சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு வயர்கார்ட் பதிலே சொல்லாது. அதை நம்பி நல்ல ரூலை அழித்துவிடாதீர்கள்.

அறிகுறி: கடைக்குள் திறக்கிறது, வெளியிலிருந்து ஒருநாளும் திறந்ததில்லை

"ஒருநாளும்" என்பது முக்கியம். முதல் நாளிலிருந்தே ஓடாத ரூலுக்கும் நேற்றுவரை ஓடிய ரூலுக்கும் காரணங்கள் வேறு.

ரூட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்து, அதன் இன்டர்நெட் பக்கத்து ஐபி என்ன என்று எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதே கடை நெட்டிலிருந்து, உங்கள் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அங்கே தெரியும் ஐபியை எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் அடுத்த பகுதிக்குப் போகலாம். வேறாக இருந்தால், உங்கள் ரூட்டருக்கும் இணையத்துக்கும் நடுவில் இன்னொரு முகவரி மாற்றம் நடக்கிறது.

ரூட்டரில் தெரிவது 100.64-இல் தொடங்கி 100.127 வரை உள்ள வரிசையாக இருந்தால் அது சிஜிநாட். ஐபிவி4 முகவரி தட்டுப்பாட்டால் ஒரே பொது ஐபியை நெட் நிறுவனம் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. இதற்கென்றே அந்த வரிசை 2012-இல் ஒதுக்கப்பட்டது. சில நிறுவனங்கள் அதே வேலைக்கு 10-இல் தொடங்கும் ஐபியைத் தருகின்றன. வெளியிலிருந்து வரும் பாக்கெட் நிறுவனத்தின் கருவியிலேயே நின்றுவிடும். உங்கள் ரூட்டரில் ஆயிரம் ரூல் எழுதினாலும் பயனில்லை. வழிகள் மூன்று: தனிக் கட்டணம் கட்டி நிலையான பொது ஐபி வாங்குவது, இரண்டு பக்கமும் ஐபிவி6 இருந்தால் அதைப் பயன்படுத்துவது, இல்லையேல் திசையைத் திருப்பிப் போடுவது. கம்பத்தில் பொது ஐபி இருந்து குமுளியில் சிஜிநாட் என்றால், குமுளி ரூட்டர் கம்பத்தைக் கூப்பிடும்படி வயர்கார்ட் அமையுங்கள். சிஜிநாட் உள்ளே வருவதைத்தான் தடுக்கும், வெளியே போவதைத் தடுக்காது. குமுளி பக்கத்தில் கீப்அலைவ் 25 நொடி என்று கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் சற்று நேரம் சும்மா இருந்ததும் நடுவிலுள்ள கருவி அந்தத் தொடர்பை மறந்துவிடும், கீழிருந்து மேலே போக முடியாது.

ரூட்டரில் தெரிவது 192.168-இல் தொடங்கினால், அநேகமாக நெட்காரர் வைத்த ஃபைபர் மோடமும் ரூட்டராக ஓடுகிறது. அதன் பின்னால் உங்கள் ரூட்டர், ஆக இரட்டை நாட் (இரண்டு முறை முகவரி மாற்றம்). இதற்கு நல்ல தீர்வு மோடத்தை பிரிட்ஜ் முறைக்கு (ரூட்டர் வேலையை விட்டு நெட்டை அப்படியே கடத்துவது) மாற்றி, நெட்டில் நுழைவதற்கான பிபிபிஓஈ பெயரையும் பாஸ்வேர்டையும் உங்கள் ரூட்டரில் போடுவது. பெயர், பாஸ்வேர்ட், விலேன் எண் மூன்றையும் நெட்காரரிடம் கேட்டு எழுதி வாங்கிய பிறகே மோடத்தில் கை வையுங்கள். பின்பக்க ரீசெட் துளையில் ஊசி குத்தினால் இந்த மூன்றும் அழிந்து, ஆள் வரும்வரை கடைக்கு நெட்டே இருக்காது. பிரிட்ஜ் முடியாது என்றால், மோடத்தில் டிஎம்இசட் (வெளியிலிருந்து வருவதை எல்லாம் ஒரே கருவிக்கு அனுப்பும் வசதி) என்ற இடத்தில் உங்கள் ரூட்டரின் இன்டர்நெட் பக்கத்து ஐபியைக் கொடுங்கள். அந்த ஐபி மாறாதபடி மோடத்திலேயே நிலைப்படுத்துங்கள்.

மோடத்திலேயே ரூல் எழுதுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல ஃபைபர் மோடங்களில் ரூல் எழுதும் பக்கத்தில் எந்த இணைப்புக்கு என்று ஒரு பட்டியல் வரும். நிறுவனம் தன் மேலாண்மைக்கு வைத்திருக்கும் இணைப்பு ஒன்று, போனுக்கு ஒன்று, இன்டர்நெட்டுக்கு ஒன்று என்று இரண்டு மூன்று இருக்கும். பட்டியலில் முதலில் நிற்பது பெரும்பாலும் மேலாண்மை இணைப்பு. அதையே விட்டுவிட்டுச் சேமித்தால் ரூல் அழகாகப் பட்டியலில் தெரியும், ஒரு பாக்கெட்டுக்கும் பொருந்தாது.

அறிகுறி: ஐபி இரண்டும் ஒன்றுதான், ரூலும் இருக்கிறது, ஆனாலும் நேரம் இழுத்துத் தோல்வி

முதலில் சின்ன விஷயங்கள். டிசிபிக்குப் பதில் யுடிபி தேர்வாகி இருக்கிறதா? ரூலில் மூல ஐபி என்ற கட்டத்தில் எதையாவது எழுதிவிட்டீர்களா? அது காலியாக இருக்க வேண்டும். வெளி போர்ட் 80, 443, 25-ஆக இருந்தால் நெட் நிறுவனமே தடுத்திருக்கலாம். 20000-க்கு மேல் ஒரு எண்ணை வெளி போர்ட்டாக வைத்துப் பாருங்கள், உள் போர்ட் மாற வேண்டியதில்லை. இரண்டு டிவிஆர் இருந்து இரண்டும் உள்ளே 8000-இல் ஓடினால், வெளியே இரண்டு வேறு எண்கள் வேண்டும்.

இதெல்லாம் சரி என்றால் ரூலின் எண்ணியைப் பாருங்கள். மைக்ரோடிக் போன்ற ரூட்டர்களில் ஒவ்வொரு நாட் ரூலுக்கும் எதிரே எத்தனை பாக்கெட் பொருந்தின என்ற எண் ஓடும். வெளியிலிருந்து ஒருமுறை முயன்றதும் அந்த எண் ஏறுகிறதா? ஒரு தொடர்பின் முதல் பாக்கெட்டை மட்டுமே அது எண்ணும். அதனால் ஒன்றிரண்டுதான் கூடும், பயப்பட வேண்டாம். ஏறவே இல்லை என்றால் பாக்கெட் உங்கள் வாசல் வரை வரவில்லை. நெட்காரரிடம் பேச வேண்டிய நேரம் இதுதான், கையில் ஆதாரமும் இருக்கிறது. ஏறுகிறது, ஆனால் தொடர்பு இல்லை என்றால் கோளாறு உங்கள் வீட்டுக்குள்.

வீட்டுக்குள் என்றால் முதலில் பார்க்க வேண்டியது டிவிஆரின் நெட்வொர்க் பக்கம். டிவிஆரோடு இணைத்த டிவியில் மவுஸை வைத்துத் திறங்கள். ஐபி 192.168.10.50. மாஸ்க் 255.255.255.0. கேட்வே 192.168.1.1. பார்த்தீர்களா? பழைய மோடத்தின் எண் அது. ரூட்டர் மாற்றியபோது ஐபியை மாற்றியவர் அடுத்த வரியைத் தொடவில்லை. கடைக்குள் கேமரா பார்க்க கேட்வே தேவையே இல்லை, ஒரே வரிசையில் உள்ளவை நேராகப் பேசிக்கொள்ளும். அதனால் மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. வெளியிலிருந்து வரும் கேள்வி டிவிஆர் வரை ஒழுங்காக வந்து சேரும். பதிலை எந்தக் கதவு வழியாக அனுப்புவது என்று டிவிஆருக்குத் தெரியாது. அந்த மூன்றாவது எண்ணான 1-ஐ 10 ஆக்கிச் சேமித்தால் முடிந்தது.

மேலே ஸ்டோரில் இருக்கும் டிவிஆரின் திரையைப் பார்க்க ஆள் இல்லை என்றால், மலையேறாமலே இதை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு. ஸ்டோர் ரூட்டருக்குள் நுழைய முடிந்தால் போதும். டிவிஆரின் ஐபிக்குப் போகும் போக்குவரத்துக்கு மட்டும் ஒரு மாஸ்கரேட் ரூலைத் தற்காலிகமாகச் சேருங்கள். இப்போது டிவிஆரின் கண்ணுக்கு எல்லாம் ரூட்டரிடமிருந்து வருவதுபோல் தெரியும், பதிலையும் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதுபோல் கொடுத்துவிடும். இது போட்டதும் கேமரா திறந்தால் டிவிஆரின் கேட்வேதான் தவறு, சந்தேகமே வேண்டாம். கேட்வேயைத் திருத்தியதும் அந்த ரூலை எடுத்துவிடுங்கள். விட்டுவைத்தால் டிவிஆரின் பதிவேட்டில் யார் நுழைந்தாலும் ரூட்டரின் ஐபியே பதிவாகும். திருடன் நுழைந்தாலும் தெரியாது.

கேட்வே சரி என்றால் ஃபயர்வால். ரூட்டரில் தனியாக ஃபில்டர் ரூல் எழுதியிருப்பவர்கள் செய்யும் தவறு ஒன்று: வெளி போர்ட் 28000, உள் போர்ட் 8000 என்று நாட் எழுதிவிட்டு, ஃபில்டரில் 28000-ஐ அனுமதிப்பது. முகவரி மாற்றம் நடந்த பிறகுதான் பாக்கெட் ஃபில்டருக்கு வருகிறது. அங்கே அது 192.168.10.50-இன் 8000-க்குப் போகும் பாக்கெட். அனுமதியும் அந்த எண்ணுக்கே வேண்டும்.

இரண்டு நெட் இணைப்பு வைத்திருக்கும் கடை என்றால், கேள்வி முதல் இணைப்பில் வந்து பதில் இரண்டாவதில் போகும் ஆபத்து உண்டு. சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. இரண்டாவது கேபிளை ஒரு நிமிடம் கழற்றிவிட்டுச் சோதியுங்கள். ஓடினால் காரணம் இதுதான். எந்த இணைப்பில் வந்ததோ அதிலேயே பதில் போகும்படி தொடர்புக்கு அடையாளமிட்டு ரூட் எழுத வேண்டும்.

அறிகுறி: வெளியே மொபைலில் ஓடுகிறது, கடை வைஃபைக்குள் வந்தால் நின்றுவிடுகிறது

இது கோளாறே இல்லை, ரூட்டருக்கு ஹேர்பின் நாட் இல்லை, அவ்வளவுதான். கடைக்குள் இருக்கும் மொபைல் கடையின் பொது ஐபியைக் கேட்கிறது, ரூட்டர் அதை டிவிஆருக்குத் திருப்பிவிடுகிறது. டிவிஆர் பார்த்தால் கேட்டவர் தன் வரிசையிலேயே இருக்கிறார். அதனால் ரூட்டரைத் தொடாமல் நேராகப் பதில் சொல்கிறது. மொபைலோ பொது ஐபியிடமிருந்து பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. முன்பின் தெரியாத ஐபியிலிருந்து வந்த பதிலைத் தள்ளிவிடும். ரூட்டரில் நாட் லூப்பேக் என்ற வசதி இருந்தால் இயக்குங்கள். இல்லையேல் ஐபிக்குப் பதில் ஒரு பெயரை வைத்துக் கேமராவைத் திறப்பதானால், உள்ளூர் டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு ஐபி சொல்லும் பட்டியல்) அந்தப் பெயருக்கு 192.168.10.50 என்று எழுதுங்கள். இரண்டாவதே எனக்குச் சுத்தமான வழியாகப் படுகிறது.

அறிகுறி: நேற்றுவரை ஓடியது

கரண்ட் போய் வந்ததா என்று முதலில் கேளுங்கள். மோடம் புதிதாக எழுந்ததும் பொது ஐபி மாறியிருக்கும். டிடிஎன்எஸ் (ஐபி மாறினாலும் அதைப் பின்தொடரும் பெயர்) வைத்திருந்தால் அந்தப் பெயர் இப்போது எந்த ஐபியைக் காட்டுகிறது என்று பிங் அடித்துப் பாருங்கள். ரூட்டரில் உள்ள ஐபியோடு பொருந்தாவிட்டால் டிடிஎன்எஸ் புதுப்பிக்கவில்லை. இலவச டிடிஎன்எஸ் சிலவற்றில் 30 நாளுக்கு ஒருமுறை மின்னஞ்சலில் உறுதிசெய்யாவிட்டால் பெயர் காலாவதியாகும்.

பொது ஐபி சரி என்றால் உள் ஐபி மாறியிருக்கும். சர்வருக்கும் டிவிஆருக்கும் ரூட்டரிலேயே டிஹெச்சிபி (ஐபியைத் தானாகக் கொடுக்கும் வசதி) முன்பதிவு போட்டுவிடுங்கள். அல்லது தானாகக் கொடுக்கும் எண்கள் 100-க்கு மேல், கையால் போடுபவை 100-க்குக் கீழ் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சில மெஷினுக்கு நெட் உண்டு, சில மெஷினுக்கு இல்லை; நாளுக்கு நாள் ஆள் மாறுகிறது

யாரோ பழைய வைஃபை ரூட்டர் ஒன்றை, சிக்னல் போதவில்லை என்று, அதன் லேன் போர்ட்டில் கேபிள் செருகி மாட்டியிருக்கிறார்கள். இப்போது இரண்டு பேர் ஐபி கொடுக்கிறார்கள். யார் முந்துகிறாரோ அவருடையதை மெஷின் வாங்கிக்கொள்ளும். பாதிக்கப்பட்ட மெஷினில் ஐபிகான்ஃபிக் அடித்து டிஃபால்ட் கேட்வேயைப் பாருங்கள். 192.168.10.1 தவிர வேறு எது வந்தாலும் குற்றவாளி கிடைத்தார். அந்த ரூட்டரின் டிஹெச்சிபியை அணைத்து, அதன் சொந்த ஐபியை 192.168.10.2 போல மாற்றிவிட்டால் அது வெறும் வைஃபை கருவியாக ஒழுங்காக உழைக்கும்.

அறிகுறி: விபிஎன் இணைந்துவிட்டது என்று காட்டுகிறது, அந்தப் பக்கத்து மெஷினுக்கு பிங் போகவில்லை

இரண்டு ஊரிலும் 192.168.1 வரிசையே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டிய ரூட்டர்கள் என்றால் அநேகமாக அப்படித்தான் இருக்கும். குமுளி மெஷின் 192.168.1.20-ஐத் தேடும்போது, தன் ஸ்டோருக்குள்ளேயே தேடிவிட்டுக் கைவிரிக்கும். விபிஎன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு பக்கத்தை மாற்றியே ஆக வேண்டும். மெஷின் குறைவாக உள்ள ஸ்டோரை மாற்றுவது எளிது.

வரிசை வேறு வேறு என்றால், வயர்கார்டில் இரண்டு பக்கமும் அலவ்டு ஐபியில் (விபிஎன் சுரங்கம் வழியே போகலாம் என்ற ஐபி பட்டியல்) எதிர்ப்பக்கத்தின் சுரங்க ஐபியோடு எதிர்ப்பக்கத்தின் முழு வரிசையும் இருக்க வேண்டும். குமுளி பக்கத்தில் 192.168.10.0/24, கம்பம் பக்கத்தில் 192.168.20.0/24. மைக்ரோடிக்கில் அலவ்டு ஐபி போட்டால் மட்டும் ரூட் தானாக வந்துவிடாது, ரூட்டையும் தனியே எழுத வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழுதினால், போன பாக்கெட் திரும்பாது. போகும் வழிக்கு ரூட் எழுதும் எல்லோரும் திரும்பும் வழியை மறக்கிறார்கள்.

அந்தப் பக்கத்து ரூட்டர் பிங் ஆகிறது, சர்வர் மட்டும் ஆகவில்லை என்றால் ரூட்டிங்கை விட்டுவிடுங்கள், அது சரியாக இருக்கிறது. விண்டோஸ் ஃபயர்வால் வழக்கமாகத் தன் சொந்த வரிசையிலிருந்து வரும் பிங்கை மட்டுமே ஏற்கும். அந்த ரூலின் எல்லைப் பகுதியில் 192.168.20.0/24-ஐச் சேருங்கள். பில்லிங் மென்பொருளின் போர்ட்டுக்கும் அதே அனுமதி வேண்டும். ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிட்டு "ஓடுகிறது" என்று கிளம்பாதீர்கள்.

அறிகுறி: பிங் ஆகிறது, லாகின் திரை வருகிறது, பில் திறந்தால் தொங்குகிறது

சின்ன பாக்கெட் போகிறது, பெரிய பாக்கெட் போகவில்லை. பிபிபிஓஈ இணைப்பில் வழக்கமாக ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு 1492. அதற்குள் வயர்கார்ட் தன் உறையையும் போடுகிறது. குமுளி மெஷினிலிருந்து சர்வருக்கு, துண்டாக்கக் கூடாது என்ற எஃப் தேர்வோடும் அளவைச் சொல்லும் எல் தேர்வோடும் பிங் அடியுங்கள். 1392-இல் தொடங்குங்கள். வயர்கார்டின் வழக்கமான 1420-இல் தலைப்புக்கு 28 போக மிச்சம் இது. பதில் வராவிட்டால் 20, 20-ஆகக் குறைத்து வாருங்கள். பதில் வந்த அளவோடு 28-ஐக் கூட்டி, அதைச் சுரங்கத்தின் எம்டியூவாக (பாக்கெட்டின் உச்ச அளவாக) இரண்டு ரூட்டரிலும் போடுங்கள். டிசிபியின் எம்எஸ்எஸ்ஸை (ஒரு பாக்கெட்டில் தலைப்பு போகத் தகவலுக்கு உள்ள உச்ச அளவு) அதிலிருந்து 40 குறைத்துக் கட்டுங்கள். பில் உடனே திறக்கும்.

எதைத் திறக்கவே கூடாது

ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389-ஐ இணையத்துக்குத் திறக்காதீர்கள். வெளி எண்ணை மாற்றிவைத்தாலும் தேடித் துருவும் நிரல்கள் கண்டுபிடித்துவிடும். கணக்கு முழுவதும் பூட்டப்பட்டு பணம் கேட்கும் நிலை அந்த வாசல் வழியாகத்தான் பல கடைகளுக்கு வருகிறது. டிவிஆரும் அப்படியே. 2016-இல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத ஆரம்ப பாஸ்வேர்டுகளை வைத்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் டிவிஆர்களையும் கைப்பற்றியது. கேமராவை மொபைலில் பார்ப்பது மட்டும்தான் தேவை என்றால் டிவிஆர் நிறுவனத்தின் க்ளவுட் வசதி போதும், போர்ட்டே வேண்டாம். பில்லிங்குக்கு வயர்கார்டின் ஒரே ஒரு யுடிபி போர்ட், வழக்கமாக 51820, திறந்தால் போதும். ரூட்டரில் யுபிஎன்பியை அணைத்துவிடுங்கள். இல்லையேல் டிவிஆர் உங்களைக் கேட்காமலே தனக்கு வாசல் திறந்துகொள்ளும்.

அறிகுறி: ஐப்பசி இடிக்குப் பிறகு

மலையில் மாலை நேர இடி கேபிள் வழியாக லேன் போர்ட்டை மட்டும் கொன்றுவிட்டுப் போகும். ரூட்டரின் மற்ற விளக்குகள் எரியும், வைஃபை வரும், ஒரு போர்ட்டின் விளக்கு மட்டும் எரியாது. கேபிளை அடுத்த போர்ட்டுக்கு மாற்றினாலே தெரிந்துவிடும். ரூட்டரே போய்விட்டால், சேமித்து வைத்த அமைப்பு கோப்பை அதே மாடல் புது ரூட்டரில் ஏற்றலாம். அந்தக் கோப்பு சர்வரில் மட்டும் இல்லாமல் ஒரு பென்டிரைவிலும் இருக்கட்டும். எல்லாம் ஏற்றிய பிறகும் சர்வர் மட்டும் யாருக்கும் பதில் சொல்லாமல் இருந்தால் மலைக்காதீர்கள். கேட்வேயின் மேக் முகவரி மாறியதால் விண்டோஸ் இதைப் புது நெட்வொர்க் என்று நினைத்துப் பொது வகையில் போட்டிருக்கும், தனியார் வகைக்கு எழுதிய அனுமதிகள் அதில் செல்லாது. சர்வரின் நெட்வொர்க் அமைப்பில் அதை மறுபடி தனியார் என்று மாற்றுங்கள்.